சுவருக்குள் ஓடும் சட்டம் – 9: கடைக்கு மேலே வீடு

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கம் தமிழர் கடைகளுக்குப் போனவர்களுக்கு இந்தக் கட்டட அமைப்பு பழக்கமானது. கீழே பலசரக்கும் மரக்கறியும் மீன் வைத்த ஃபிரீசர்களும். பக்கத்தில் ஒரு குறுகிய கதவு. படியேறினால் ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு. கடைக்காரரே அங்கு இருப்பார், இல்லையென்றால் வாடகைக்கு விட்டிருப்பார். சரி, கடைக்குள் புதிதாக ஒரு ஃபிரீசருக்குத் தனி லைன் இழுக்கிறார். அந்த வேலையைக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டுமா?

மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் மின்வேலைக்கான பிரிவு ‘பார்ட் பி’ (Part P). 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்படையில் அது வீடுகளுக்கான விதி. கடையைத் தொடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கடையும் மேல்வீடும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்தால் கடையின் வயரிங்கும் பார்ட் பி-க்குள் வந்துவிடுகிறது. மேலே குடியிருப்பு உள்ள மதுக்கடைக்கும் இதே கணக்குத்தான். கடைக்குத் தனி இணைப்பும் தனி மீட்டரும் இருந்தால் இந்த விதி கடைக்குள் நுழையாது. அதற்காகக் கடைக்காரர் பொறுப்பிலிருந்து விடுபட்டதாக அர்த்தமில்லை. வேலையிடங்களுக்கான 1989-ஆம் ஆண்டு மின்பாதுகாப்பு விதிகள் எந்தக் கடைக்கும் பொருந்தும்.

இந்தப் பிரிவினையில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஒரே இணைப்பில் கீழே நடக்கும் தவறு, மேலே தூங்கும் குழந்தை வரை போகும். கதவில் ‘கடை’ என்று எழுதியிருப்பதால் அந்த ஆபத்து குறையாது.

அடுக்குமாடிகளில் நடைவழி விளக்கு, படிக்கட்டு விளக்கு, பொதுச் சலவை அறை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் பார்ட் பி-யில் அடங்கும். லிஃப்டுக்குப் போகும் மின்சாரத்துக்கு மட்டும் விலக்கு. தனி வீட்டுக்குள் லிஃப்ட் வைத்தால் அந்த விலக்கும் கிடையாது. வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் தோட்ட விளக்கு, மீன்குளத்து மோட்டார், கொட்டகை, கராஜ் ஆகியவையும் வீட்டோடு சேர்த்தி.

இனி, எந்த வேலையைத் தெரிவிக்க வேண்டும் என்பது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்து இந்தப் பட்டியலை வெகுவாகச் சுருக்கியது. புதிய சர்க்யூட், பியூஸ் பாக்ஸ் மாற்றம், குளியலறை போன்ற இடங்களில் குறிப்பிட்ட எல்லைக்குள் பழைய சர்க்யூட்டில் செய்யும் மாற்றம், இவைதான் மிச்சம். குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து 60 செ.மீ., தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் என்று அந்த எல்லையை அளந்தே வைத்திருக்கிறார்கள். கடைக்காரரின் ஃபிரீசர் லைன் புதிய சர்க்யூட். மேல்வீட்டோடு இணைப்பு பொது என்றால், தெரிவித்தே ஆக வேண்டும்.

பட்டியலிலிருந்து விழுந்தவற்றில் சமையலறையும் ஒன்று. அங்கே இருக்கும் சர்க்யூட்டில் ஒரு பிளக் பாயின்ட் கூட்டினால் இப்போது யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2004-இல், பார்ட் பி வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அன்றைய எம்.பி. ஜென்னி டோங்கின் மகள் தன் வீட்டுச் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் கேபிள் நேராகப் போகாமல் சாய்வாகப் போயிருந்தது. கரண்டி மாட்டும் உலோகச் சட்டத்தின் திருகு அதைத் துளைத்திருந்தது. ஸ்விட்சுக்கு நேர் மேலோ கீழோ, நேர் பக்கவாட்டிலோதான் கேபிள் ஓட வேண்டும் என்ற விதி இருப்பதே, ஆணியடிப்பவர் அதன் இடத்தை ஊகிக்க முடியவேண்டும் என்பதற்காக. தண்ணீரும் உலோகமும் துளைபோடும் வேலையும் சமையலறை அளவுக்கு ஒன்றாகச் சேரும் அறை வீட்டில் வேறில்லை.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. தெரிவிக்க வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பிளக் பாயின்டைக் கூட்டினாலும் அந்த வேலை பார்ட் பி கேட்கும் பாதுகாப்போடுதான் இருக்க வேண்டும். கவுன்சிலுக்குத் தெரிவிக்கும் காகிதம் மட்டும்தான் தேவையில்லை.

மேல்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் 2020-இல் வந்த இன்னொரு சட்டமும் சேரும். குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் வயரிங்கைச் சோதிக்க வேண்டும். அறிக்கையின் நகல் 28 நாளுக்குள் குடியிருப்பவர் கைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, மேல்வீட்டைத் தனியாக விற்க நினைத்து மீட்டரைப் பிரிப்பவர்களுக்கு. வீட்டுக்குப் புதிய பியூஸ் பாக்ஸ் வைப்பது தெரிவிக்க வேண்டிய வேலை. பதிவுபெற்ற எலெக்ட்ரீசியன் செய்தால் அவரே சான்றளித்துவிடலாம். அந்தச் சான்றைப் பத்திரமாக வையுங்கள், வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார். அதற்கும் முன்னால், ஒவ்வொரு சர்க்யூட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் படிக்கட்டு விளக்கு கடையின் பியூஸிலிருந்து வரலாம், கடையின் பின்னறை பிளக் மேல்வீட்டிலிருந்து வரலாம். மேலே மெயினை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒருவர் கை வைக்கும் வயரில், கீழிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்.

(தொடரும்)