முதலில் வேலை, பிறகு பயிற்சி

மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போக விரும்புகிறார்கள். மறுவாழ்வு மையத்தில் உட்கார்ந்து காகித உறை ஒட்டுவதை அவர்கள் கேட்கவில்லை. கடையிலோ அலுவலகத்திலோ மற்றவர்களோடு சேர்ந்து, மற்றவர்கள் வாங்கும் அதே சம்பளத்துக்கு வேலை பார்க்கவே ஆசைப்படுகிறார்கள். அப்படி வேலையில் இருப்பவர்களோ மிகச் சிலர். அவர்களை வேலையில் சேர்க்கவும் அதில் நிலைக்க வைக்கவும் அமெரிக்காவில் உருவான ஐ.பி.எஸ். (Individual Placement and Support) முறைதான் இன்று பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டு நிற்பது.

அதற்கு முன் இருந்த வழக்கம் வேறு. நோய் நன்றாக அடங்கட்டும், பிறகு பயிற்சி, அதன்பின் தொழிற்கூடம், கடைசியில் வெளியே வேலை என்று படிப்படியாக ஏற்றிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடுதான். ஆனால் பலர் ஏதோ ஒரு படியில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டார்கள். ‘இனி இவர் தயார்’ என்று சொல்லப்படும் நாள் வரவே இல்லை. கூடத்தில் பழகியது வெளியிடத்தில் அப்படியே கைகொடுப்பதும் இல்லை. கல்லாவில் கூட்டம் சேரும்போது வரும் பதற்றத்தைக் கல்லாவில் நின்றுதான் பழக முடியும்.

முதலில் வேலையில் அமர்த்திவிட்டு அங்கேயே பழக்குவது என்ற யோசனை, 1980களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில், மனநோயாளிகளுக்கான பகல்நேரச் சிகிச்சை மையம் ஒன்று தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு இந்த வழிக்கு மாறியது. வேலையில் சேர்ந்தவர்கள் கூடினார்கள். நோய் முற்றி மருத்துவமனைக்குப் போவோர் அதிகமாவார்கள் என்ற அச்சம் பொய்த்தது. அந்த மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் டெபோரா பெக்கரும் மனநல மருத்துவர் ராபர்ட் டிரேக்கும் 1990களின் தொடக்கத்தில் அதை ஒழுங்கான முறையாக வகுத்தார்கள்.

இதன் முதுகெலும்பு வேலை ஆலோசகர். ஒருவரிடம் அதிகபட்சம் 20 பேர்தான் இருக்க வேண்டும். வேலை வேண்டும் என்று சொன்ன யாரையும் அவர் திருப்பி அனுப்பக் கூடாது. குரல்கள் கேட்கின்றன, குடிப்பழக்கம் உண்டு, போன வேலை பாதியில் போனது என்ற எதுவும் தடையில்லை. சேர்ந்த ஒரு மாதத்துக்குள் முதலாளிகளைச் சந்திக்கும் பணி தொடங்கிவிட வேண்டும். ஆலோசகரின் நேரம் பெரும்பாலும் மேசைக்கு வெளியேதான் கழியும். ஒரு கடைக்காரரிடம் முதல்முறை போய்ப் பேச நேரம் கேட்பார். இரண்டாம் முறை, அவருக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை, எந்த நேரத்தில் கை போதவில்லை என்று கேட்டுக்கொள்வார். பொருத்தமானவர் இருந்தால், அடுத்த முறைதான் அவரைப் பற்றிப் பேசுவார். இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுங்கள் என்ற பேச்சே இங்கே எழுவதில்லை.

வேலை தேடுபவரின் விருப்பம் முதலில் வைக்கப்படும். இரைச்சல் தாங்காதவரை உணவக அடுக்களைக்கு அனுப்பினால் ஒரு வாரம்கூட நிற்கமாட்டார். தன் நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் முடிவே. வேலைக்குப் போனால் அரசு உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் பலரை வீட்டிலேயே கட்டிப்போடுகிறது. ஆகவே எவ்வளவு சம்பாதித்தால் எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டுவதும் இந்த முறையின் பகுதி.

ஆலோசகர் மருத்துவக் குழுவோடு ஒரே கூட்டத்தில் உட்காருவார். அதற்குப் பெரிய பயன் உண்டு. இரவு மாத்திரையின் மயக்கத்தால் காலையில் எழ முடியாமல் ஒருவர் தினமும் தாமதமாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு அது சோம்பல். விஷயம் மருத்துவரின் காதுக்கு எட்டினால் மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றிப் பார்க்கலாம், முடியாவிட்டால் பிற்பகல் வேலையைத் தேடலாம்.

வேலை கிடைப்பதைவிட அதில் நிலைப்பது கடினம். முதல் வேலை பலருக்குச் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. காரணங்களும் பெரும்பாலும் சாதாரணமானவை: மேற்பார்வையாளரின் கடுமையான பேச்சு, இடைவேளையில் யாரோடு உட்காருவது என்ற தயக்கம், ஒரே நேரத்தில் சொல்லப்பட்ட நான்கு வேலைகளில் இரண்டு மறந்துபோவது. வாயால் சொன்னதைத் தாளில் எழுதிக் கொடுப்பது, நடுவே சின்ன ஓய்வு, மருத்துவமனைக்குப் போகும் நாளில் விடுப்பு ஆகியவை பல நேரங்களில் போதும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆலோசகரின் துணைக்குக் கெடு வைப்பதில்லை. வேலை போனாலும் அதைத் தோல்வியாக எழுதாமல், எது ஒத்துவரவில்லை என்று பார்த்து அடுத்த வேலையைத் தேடுகிறார்கள்.

லண்டன், சூரிச், சோஃபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஐ.பி.எஸ். வழியில் உதவி பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் ஒரு நாளாவது வெளியே வழக்கமான வேலை பார்த்திருந்தார்கள். பழைய வழியில் 28 விழுக்காடு. மருத்துவமனைக்குத் திரும்பியவர்களும் முதல் குழுவில் குறைவு. ஒரு நாள் என்ற அளவுகோல் மிகத் தாழ்ந்தது என்பதை மறக்கக் கூடாது. கிடைக்கும் வேலைகளிலும் பல பகுதிநேர வேலைகள்தாம்.

இந்தியாவில் இத்தகையவர்களின் வேலையைப் பொறுத்தவரை, 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை இயலாமையாக ஏற்றது, ஆனால் அரசுப் பணி ஒதுக்கீட்டில் இடம் தரவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் 1 விழுக்காட்டை மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்துக் கொடுத்தது. வேலையில் இருக்கும்போது நோய் வந்தவர்களுக்கு இதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு அரண்: அரசு நிறுவனம் அவர்களை நீக்கக் கூடாது, பழைய பணி முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் துறைக்கு இந்த அரண் இல்லை. மளிகைக் கடையிலும் பட்டறையிலும் வேலை பார்ப்பவர் நோய்க்குப் பின் திரும்பிச் சேர்வது இன்றும் முதலாளியின் மனதையும், அவரிடம் போய்ப் பேசக்கூடிய ஒருவர் இருப்பதையும் பொறுத்தே நடக்கிறது.