பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கலாமா? முதலில் கணக்கு எழுதிப் பார்ப்போம்



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கடன் விண்ணப்பம் வைத்தார். தொகை 50 ஆயிரம். காரணம் கேட்டால், "பையனை வெளிநாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பறேன். ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் கட்டணும். மீதிக்கு நிலத்தை வச்சுக்கலாம்னு இருக்கோம்" என்றார். ஒரு ஏக்கர் நிலம்தான் அந்தக் குடும்பத்துக்கு மொத்த சொத்து.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைப்பது தப்பா என்ன? ஆனால் ஒரு மாடு வாங்கக் கடன் கேட்டாலே பால், தீவனம், வட்டி என்று கணக்குப் போடுகிறோம். இதற்கும் போட வேண்டாமா? நோட்டை எடுத்து எழுதினோம்.

ஏஜெண்ட் சொன்னதும் சொல்லாததும்

ஏஜெண்ட் கொடுத்த தாளில் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் மட்டுமே இருந்தன. விமான டிக்கெட், விசா, காப்பீடு, சாப்பாடு, குளிருக்குத் துணி, லீவுக்கு ஊர் வந்து போகும் செலவு எதுவும் இல்லை.

கட்டணம் டாலரில் என்பதையும் பார்க்கணும். 2005ல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2024 கடைசியில் சுமார் 85 ரூபாய். கட்டணத்தை கல்லூரி ஏற்றாவிட்டாலும், ரூபாய் இறங்கினால் நம் செலவு ஏறும்.

படித்து வந்த பிறகு

வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து இன்னொரு 12 மாதப் பயிற்சி. கூட்டினால் ஆறரை வருடம்.

நடுவில் ஒரு தகுதித் தேர்வு உண்டு. 300க்கு 150 மதிப்பெண் எடுத்தால்தான் இங்கே டாக்டராகப் பதிய முடியும். பல தடவை நடந்த தேர்வுகளில் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூட தேறவில்லை. தேறாதவர்கள் கோச்சிங்குக்கு மறுபடி பணம் கட்டுகிறார்கள்.

2020ல் கொரோனா வந்தபோது சீனாவில் படித்த பிள்ளைகள் ஊர் திரும்பி, இரண்டு வருடம் போல போக முடியாமல் தவித்தார்கள். 2022ல் உக்ரைனில் போர் வந்தபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாதிப் படிப்பில் வந்தார்கள். கடன் மட்டும் நிற்கவில்லை.

வங்கிக் கடன்

வழக்கமான கல்விக் கடனில், 4 லட்சத்துக்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 100க்கு 5 ரூபாய் நம் கைப்பணம் போட வேண்டும். வெளிநாட்டுக்கு 100க்கு 15 ரூபாய். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். படிக்கும் காலத்து வட்டிக்கு உள்நாட்டுப் படிப்பில் மத்திய அரசின் மானியம் உண்டு.

10 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 8,300 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே இருக்கும்.

உள்ளூரில் என்ன வழி?

- 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது.
- அரசு மருத்துவக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் அல்ல. ஒரு வருடம் நன்றாகத் தயாராகி நீட் மறுபடி எழுதுவது, நிலத்தை வைப்பதைவிடச் செலவு குறைவு.
- பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். நல்ல வேலை உள்ள படிப்புகள்.

வெளிநாடே போகக்கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அங்கே படித்து வந்து நல்ல டாக்டராக இருப்பவர்களும் உண்டு. இங்கே ஒரு பட்டம் முடித்து, மேல்படிப்புக்குப் போனால் செலவும் வருடமும் குறையும். தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலை, ஆராய்ச்சிப் படிப்பு படிக்க மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. கடைசி வருடம் வரை மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தருவார்களா?
2. ஆங்கில வழியா? பயிற்சி அங்கேயே உண்டா?
3. அந்தக் கல்லூரியில் படித்து வந்தவர்களில் எத்தனை பேர் இங்கே தகுதித் தேர்வில் தேறினார்கள்? ஒருவரிடமாவது நேரில் பேச முடியுமா?
4. நடுவில் திரும்பி வந்தால் கட்டிய பணம் என்ன ஆகும்?
5. நிலம் போனால் மற்ற பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி?

அந்த அக்கா இந்தக் கேள்விகளை எழுதி வாங்கிப் போனார். ஏஜெண்ட் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லையாம். பையனுக்குக் கோபம்தான், இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. இப்போது நீட்டுக்கு மறுபடி படிக்கிறான். கிடைக்குமா என்று நமக்குத் தெரியாது. நிலப் பத்திரம் மட்டும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்கு எழுதுங்கள். கணக்கு அவர்களுக்கும் தெரியட்டும்.