ஒரு பீரியட் தமிழ் போதுமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழில் சரளமாகப் பேசுகிறார்கள். தமிழ் நாளிதழில் நாலு பத்தி படிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். ஆங்கிலம் வந்ததால் தமிழ் போயிற்று என்கிறார்கள் சிலர். ஆனால் இன்னொரு மொழியில் படிப்பது மட்டுமே தாய்மொழியைக் கெடுத்துவிடாது. கனடாவில் மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், 1965இல், ஆங்கிலம் பேசும் பெற்றோர் விரும்பிக் கேட்டுத் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழியில் வகுப்பு தொடங்கவைத்தார்கள். உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவர் குழுவினரும் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். ஆங்கில வாசிப்பில் முதலில் பின்தங்கிய அவர்கள், ஆங்கிலப் பாடமும் சேர்ந்த சில ஆண்டுகளில் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். ஆனால் அவர்களைச் சுற்றிலும் ஆங்கிலப் புத்தகமும் தொலைக்காட்சியும் இருந்தன. வேலைக்கும் மதிப்புக்கும் உரிய மொழியும் அதுதான். ஒரு மொழியோடு இன்னொன்று சேர்வது வேறு, ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்வது வேறு என்று லாம்பர்ட்டே பிரித்துக் காட்டினார். சென்னையில் நடப்பது இரண்டாவது வகை.

'வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், தானாக வந்துவிடாதா?' என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். வேறு பல மொழிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம், தமிழுக்குப் பொருந்தாது. பேச்சும் எழுத்தும் வேறு வேறாக இருப்பதை மொழியியலார் இரட்டை வழக்கு என்கிறார்கள்; நம் மொழியில் அது மிக ஆழமானது. 'வச்சுக்கிட்டு' என்று பேசும் குழந்தை 'வைத்துக்கொண்டு' என்று எழுத வேண்டும். 'வந்துட்டாங்க' ஏட்டில் 'வந்துவிட்டார்கள்' ஆகிறது. வினைமுற்று, வேற்றுமை உருபு, சந்தி என எல்லாமே மாறுகின்றன. எழுத்துத் தமிழை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. அதைக் கற்றுக்கொள்ள வகுப்பறையும் புத்தகமும்தான் வழி. அந்த வகுப்பறையிலோ கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழுக்கு ஒரு பீரியட். பின்னம், ஒளிச்சேர்க்கை, குடியரசு போன்ற சொற்களைத் தமிழில் ஒருமுறைகூட எழுதாமலே ஒரு பிள்ளை பள்ளியை முடித்துவிடலாம். இதை இருமொழிக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகப் பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கியது. 2015-16 முதல் சிபிஎஸ்இ உள்ளிட்ட பிற வாரியப் பள்ளிகளுக்கும் அது வந்தது. நல்ல சட்டம், தேவையான சட்டம். அதனால் தமிழ் ஒரு பாடமாக நிலைத்தது. பிள்ளை சிந்திக்கிற மொழியாக அது இன்னும் ஆகவில்லை. பிளஸ் ஒன் வந்ததும் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சுக்கோ சமஸ்கிருதத்துக்கோ மாறுகிறவர்கள் இருப்பதே அதற்குச் சாட்சி.

தமிழ்வழிப் பிள்ளைகளும்தானே தமிழில் தோற்கிறார்கள் என்ற மறுப்பையும் ஒதுக்க முடியாது. 2022 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்ப் பாடத்தில் தேறவில்லை. கொரோனாவால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் தமிழ் ஓயாமல் ஒலித்த காலம் அது. பேச்சு மட்டும் எழுத்தைத் தந்துவிடாது என்பதைத்தான் இந்த எண்ணிக்கையில் நான் பார்க்கிறேன்.

ஆங்கிலம் வேண்டும், அதில் விவாதமே இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியை விட்டுப் பிள்ளையை எடுக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாரம் ஒருநாளாவது, அன்று நடத்திய அறிவியல் பாடத்தைப் பிள்ளைகள் தமிழிலும் ஒரு பக்கம் எழுதட்டும்.