யாழ் மீட்ட அடிகள்

கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூர், ஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த தலம். அவர் கைக்கொண்ட யாழோ பிற்காலத்தில் வழக்கொழிந்தது.

அதன் இலக்கணத்தை மீட்கப் புகுந்தவர், ஈழத்துக் காரைதீவில் தோன்றிய சுவாமி விபுலாநந்தர். 1931-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அடிகள், விஞ்ஞானமும் கற்றவர். ஆதலின் சிலப்பதிகார இசைக்குறிப்புகளைக் கணித முறையால் ஆராய்ந்தார். இமயத்து மாயாவதியில் இதழாசிரியப் பணி ஏற்ற பின்னரும் அம்முயற்சியைக் கைவிட்டாரில்லை. மாணவர் க. வெள்ளைவாரணனார் உற்ற துணையாயினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலைப் பதிப்பித்தது.

1947 ஜூன் மாதம், சம்பந்தர் பதிகம் பாடி ஓடம் செலுத்திய திருக்கொள்ளம்பூதூரில், இறைவன் திருமுன் 'யாழ்நூல்' அரங்கேறியது. உடல் நலிந்திருந்த அடிகள், ஜூலை 19-இல் இறைவனடி சேர்ந்தார்.

அந்நூலில் 'தேவாரவியல்' என்றே ஓர் இயல் உண்டு. ஓதுவார் பண்ணோடு பாடக் கேட்குந்தோறும் அவ்வுழைப்பையும் நினைந்து வணங்குவோமாக.