வெயில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா? ஓர் ஆய்வின் விடையை எப்படி எடைபோடுவது?

மரக்காணம் கடற்கரையின் உப்பளங்களில், கொதிக்கும் பாத்திகளுக்கு நடுவே நின்று உப்பு வாருவோரின் சிறுநீரகத்தை வெப்பம் கெடுக்கிறதா என்னும் கேள்விக்கு ஒரே ஓர் ஆய்வு விடை தந்துவிடுமா?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரைப் பரிசோதித்து, ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்ததைக் கண்டனர். இத்தகைய ஆய்வுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டிச் சீர்தூக்குவதே முறைசார் மீளாய்வு. ஒவ்வோர் ஆய்வும் எப்பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்று பார்ப்பது அதன் உயிர்நாடி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானையைக் கிளறிவிட்டு எடுத்த சோற்றுக்கே பொருந்தும். இன்று உப்பளத்தில் வேலைசெய்வோரை மட்டும் சோதித்தால், உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர்கள் கணக்கில் வராததால், பாதிப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். தெரிவுச் சாய்வு எனப்படும் இது மிகக் கொடியது, ஏனெனில் மிகவும் துன்புற்றவர்களையே அது மறைத்துவிடுகிறது.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். உடலில் நீர் வற்றிய நாளில் ஒரே ஒருமுறை எடுத்த இரத்தத்தில், கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் தற்காலிகமாக உயர்ந்து, சிறுநீரகம் கெட்டதுபோல் தோன்றலாம். நாள்பட்ட நோய் என்று சொல்ல, குறைபாடு குறைந்தது 3 மாதங்களாவது நீடிக்க வேண்டும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலி மாத்திரை ஆகியவற்றின் பங்கைப் பிரிக்காவிட்டால், அவற்றின் பழியும் வெயிலின்மீதே விழும்.

இரு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடாதா? அதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே மீளாய்வாளர் இருவர் ஒவ்வோர் ஆய்வையும் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடுவதோடு, ஐயத்துக்குரியவற்றை நீக்கினால் முடிவு மாறுகிறதா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கின்றனர்.