ஒரே தராசு

அரபு மொழியில் ‘தஃபீஃப்’ என்றால் அற்பமானது என்று பொருள். அதே வேரிலிருந்து பிறந்ததே, அளவையில் மோசடி செய்வோரைக் குறிக்கும் ‘முதஃப்பிஃபீன்’ என்னும் சொல். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. தாம் பெறும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது எச்சரிக்கிறது. வாலிநோக்கத்தில் உப்பும் மீனும் நிறுப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆட்சியாளரின் செயலை எடைபோடும் நம் அனைவருக்கும் அவ்வெச்சரிக்கை உரியது.

மாநில அரசை நீக்கும் 356ஆம் பிரிவின் ஆணையில் கையொப்பமிடுபவர் குடியரசுத் தலைவர். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி நீக்கப்பட்டபோது அ.தி.மு.க. வரவேற்றது. 1980 பிப்ரவரி 17இல் எம்.ஜி.ஆர். ஆட்சி நீக்கப்பட்டபோது, முன்பு பாதிக்கப்பட்ட தி.மு.க. இந்திரா காந்தியின் கூட்டணியில் இருந்தது. 1991 ஜனவரி 30இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் தி.மு.க. ஆட்சி மீண்டும் நீக்கப்பட்டது. அதைக் கோரியோருள், 1980இல் அதே பிரிவால் ஆட்சியிழந்த அ.தி.மு.க.வும் ஒன்று. செயல் ஒன்றே, தராசுதான் மாறியது.

1994இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்தகைய ஆணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதென்றும், பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே சோதிக்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. அமைச்சரவையின் பரிந்துரையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமை குடியரசுத் தலைவருக்கு உண்டு. கே.ஆர். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேசத்தின் பா.ஜ.க. அரசை நீக்கும் பரிந்துரையைத் திருப்பியனுப்பினார். 1998இல் பா.ஜ.க. தலைமையிலான மத்திய அரசு பீகார் அரசை நீக்கப் பரிந்துரைத்தபோதும் அவ்வாறே செய்தார். ஆட்கள் இடம் மாறினர். அவரது அளவுகோல் மாறவில்லை.

பிறர் குற்றத்தை எடுத்துரைப்பது எளிது. நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய மைந்தர் அப்துல் கலாம் 2005 மே மாதத்தில் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணைக்கு ஒப்புதலளித்தார். அக்கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டிலேயே கூறியது. கண்டனம் பெரிதும் ஆளுநர் மீதே விழுந்தது என்பது உண்மை. எனினும் நாராயணன் பயன்படுத்திய உரிமை கலாமுக்கும் இருந்தது. தாம் பதவி விலக எண்ணியதை அவரே பின்னர் எழுதினார். அவர் தம்மை நிறுத்துப் பார்த்த தராசை நாம் மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

தமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. பகைமை கொண்ட கூட்டத்தாரிடமும் நீதி தவறலாகாது என்பது மாயிதாவின் 8ஆம் வசனம். முன்னது நேசத்தின் சாய்வையும் பின்னது வெறுப்பின் சாய்வையும் நேராக்குகின்றன. எனவே ஒரு செயலைத் தீர்ப்பிடுமுன், செய்தவரின் பெயரை மாற்றிவைத்துப் பார்ப்போம். நம் தீர்ப்பும் உடன் மாறுமானால், பழுது தராசில்தான் இருக்கிறது.