தேய்மானமும் உழைப்பும்
மின்னுயர்த்தியின் கைட் ஷூவினை மாற்றிச் சீர்செய்தல் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

1

எந்திரங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் கண்டுபிடிப்பைப் பற்றியே எழுதுகின்றனர். அவற்றை நாள்தோறும் ஓடச்செய்யும் பராமரிப்பு உழைப்பைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. இலக்கிய வரலாற்றிற் காவியத் தலைவன் பெற்ற இடத்தையும் அவனுக்குப் படைக்கலம் தீட்டிய கொல்லன் பெறாத இடத்தையும் ஒப்புநோக்கிப் பழகியவர்களுக்கு இது புதுமையன்று. இலக்கிய மாணவன் ஒருவன் மின்னுயர்த்தியின் உறுப்பொன்றைப் பற்றி எழுத முற்படுவதற்கு இதுவே முதற் காரணமாகும்.

இரண்டாவது காரணம் நேரடி அனுபவம் சார்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்கு மாடிகளைக் கொண்ட நூலகக் கட்டடமொன்றில், மின்னுயர்த்தியைத் திருத்திக்கொண்டிருந்த இரு தொழிலாளருடன் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்கள் வேலைசெய்த மூன்று மணி நேரத்தில் எத்தனையோ பேர் வந்து, “எப்பொழுது முடியும்?” என்று மட்டும் கேட்டுச் சென்றனர். மூத்தவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “சேர், லிப்ற் நிண்டால் எல்லாரும் கேப்பினம், ஓடினால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்.” அவர்கள் அன்று மாற்றிக்கொண்டிருந்த உறுப்பே கைட் ஷூ ஆகும். அவ்வுறுப்பு யாது, அது தேய்வதால் நேர்வது என்ன, அதனை உயிருக்கு ஊறின்றி மாற்றுவது எவ்வாறு என்பனவற்றை விளக்குவதும், அவ்வேலையின் சமூக உள்ளடக்கத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மின்னுயர்த்தியின் பெட்டி எஃகு வடங்களிலே தொங்குகின்றது. வடத்தின் மறுமுனையில் எதிர்நிறை தொங்குகின்றது. இரண்டும் நிலைக்குத்துக் குழியினுள் ஆடாமலும் சுழலாமலும் செல்லவேண்டுமாயின் அவற்றுக்குப் பாதை வேண்டும். குழியின் சுவரிற் பொருத்தப்பட்டுள்ள, ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவிலமைந்த எஃகுத் தண்டவாளங்களே அப்பாதையாகும். பெட்டியின் சட்டகத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கைட் ஷூக்கள் பொருத்தப்பட்டு அத்தண்டவாளங்களைத் தழுவி நிற்கின்றன. எதிர்நிறைக்கும் இவ்வாறே நான்கு உண்டு.

கைட் ஷூ இரு வகைப்படும். ஒன்று வழுக்கும் வகை. இதன் இரும்புக் கூட்டினுள் ‘லைனர்’ எனப்படும் உட்பூண் பொருத்தப்பட்டிருக்கும். முற்காலத்தில் வெண்கலம் முதலிய உலோகங்களால் அமைந்த இவ்வுட்பூண் இன்று நைலோன், பொலியெதிலீன் போன்றவற்றாற் செய்யப்படுகின்றது. தண்டவாளத்துக்கு எண்ணெயிட, மேலேயுள்ள ஷூவின்மீது கம்பளித் திரியுடன் கூடிய சிறு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். மற்றையது உருளும் வகை. தண்டவாளத்தின் மூன்று முகங்களிலும் விற்சுருளால் அழுத்தப்பட்ட உருளைகள் உருளும். முன்னையதற்கு எண்ணெய் இன்றியமையாதது. பின்னையதற்கோ எண்ணெய் பகையாகும். அது உருளையின் றப்பரைக் கெடுப்பதோடு உருளாமற் சறுக்கவும் செய்யும். ஒன்றற்கு மருந்தானது மற்றொன்றற்கு நஞ்சாகும் என்பதை அறியாது, எல்லாத் தண்டவாளத்துக்கும் எண்ணெய் பூசுவது பெருந்தவறாகும்.

இங்கு ஒரு வரலாற்று உண்மை மனங்கொள்ளத்தக்கது. 1854ஆம் ஆண்டு நியூயோர்க் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில் எலிஷா கிரேவ்ஸ் ஓட்டிஸ் தாம் நின்ற மேடையின் வடத்தை அறுக்கச் செய்து, மேடை வீழாது நிற்பதை மக்களுக்குக் காட்டினார். 1857ஆம் ஆண்டு அந்நகரின் ஹோவட் வாணிப நிலையத்திற் பயணிகளுக்கான உயர்த்தி இயங்கத் தொடங்கியது. ஓட்டிஸின் மேடையைத் தாங்கியது யாது? வடத்தின் இழுவிசை நீங்கியதும் விடுபட்ட வில்லொன்று, பக்கத்துத் தண்டுகளிலிருந்த பற்களிற் சென்று பொருந்தியமையே. இன்றைய உயர்த்தியிலும், பெட்டியின் வேகம் எல்லை மீறும்போது கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்படுத்தி செயற்பட்டு, பெட்டியின் சட்டகத்திலுள்ள ஆப்புகள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. ஆகவே தண்டவாளம் வழிகாட்டுவது மட்டுமன்று. இறுதி வேளையில் உயிரைத் தாங்குவதும் அதுவே.

3

கைட் ஷூவின் தேய்மானம் ஏன் முக்கியமானது என்பதை இப்போது விளங்கிக்கொள்ளலாம். பெட்டி அதிர்கிறது, உராய்வொலி எழுகிறது, பக்கவாட்டில் ஆடுகிறது என்பன பயணிகள் உணரும் அறிகுறிகள். அவர்கள் காணாத அபாயம் வேறு. பாதுகாப்பு ஆப்புகளுக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மில்லிமீற்றரே ஆகும். பெட்டியை நடுவில் நிறுத்தி அவ்விடைவெளியை இரு புறமும் காப்பது கைட் ஷூவாகும். உட்பூண் ஒரு பக்கமாகத் தேயுமாயின் பெட்டி அப்பக்கம் நகரும். ஆப்பு தண்டவாளத்தை உரசும். காரணமின்றிக் கவ்வவும் கூடும். கவ்வவேண்டிய வேளையில் இரு புறமும் ஒத்துக் கவ்வாதிருக்கவும் கூடும். அன்றியும், பெட்டியின் வாயிற்படிக்கும் மாடியின் வாயிற்படிக்கும் இடையிலான தூரம் மாறும். ஐரோப்பிய நியமமாகிய ஈஎன் 81-20 இத்தூரம் 35 மில்லிமீற்றரை மீறலாகாது என்கின்றது. இரு கதவுகளையும் இணைத்துத் திறக்கும் பொறியும் தன் நிலை பிறழும்.

தேய்மானத்தை நோக்குகையில் அறிகுறியையும் காரணத்தையும் வேறுபடுத்தல் அவசியம். நான்கு ஷூக்களும் ஏறத்தாழச் சமமாகத் தேய்ந்திருப்பின் அது காலத்தின் வேலை. மேலே ஒரு மூலையும் கீழே அதற்கு எதிர் மூலையும் மாத்திரம் தேய்ந்திருப்பின் பெட்டி சமநிலையிலே தொங்கவில்லை என்பதே பொருளாகும். அத்தகைய பெட்டியில் உட்பூணை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே மூலைகள் மீண்டும் தேயும். கதவுப் பொறியின் பாரம், பின்னர் பொருத்தப்பட்ட கண்ணாடி, தரைக்கல் என்பனவெல்லாம் பெட்டியைச் சாயச்செய்வன. முதலிற் பெட்டியைச் சமன்செய்து, அதன் பின்னரே ஷூவைச் சீர்செய்தல் வேண்டும். சாய்ந்த பெட்டியை ஷூவின் அழுத்தத்தால் நிமிர்த்த முயல்வது நோயை மறைத்து வைப்பதை ஒக்கும்.

4

இவ்வேலை இருவரேனும் சேர்ந்து செய்யவேண்டிய, அதற்கெனப் பயிற்சி பெற்றோர் மட்டும் செய்யவேண்டிய வேலையாகும். பின்வருவன அதன் தருக்கத்தை விளக்குவனவேயன்றி, பயிற்சிக்கோ தயாரிப்பாளரின் அறிவுறுத்தலுக்கோ ஈடாவன அல்ல.

முதலாவதாக, பெட்டியில் எவருமில்லை என்பதை உறுதிசெய்து, எல்லா மாடிகளிலும் அறிவித்தலும் தடுப்பும் வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பெட்டியின் கூரைமீது ஏறுமுன்னர் மூன்று காவல்களைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும். மாடிக் கதவு திறந்திருக்கையில் பெட்டி நகராமை ஒன்று. கூரையிலுள்ள நிறுத்தற் பொத்தானை அழுத்திக் கதவை மூடியபின் நகராமை இரண்டு. பொத்தானை விடுவித்து, ஆளியைப் பரிசோதனை நிலைக்கு மாற்றிக் கதவை மூடியபின், மாடியிலிருந்து அழைத்தாலும் நகராமை மூன்று. இவற்றை ஒருங்கே சோதித்தல் கூடாது. ஏனெனில், இரு காவல்கள் சேர்ந்திருக்கும்போது பெட்டியை நிறுத்தியது எது என்பதை அறிய முடியாது. ஒன்று பழுதாயினும் மற்றையது அதனை மறைத்துவிடும்.

மூன்றாவதாக, பரிசோதனை நிலையில் மெதுவாக ஓட்டி, பெட்டியை வசதியான உயரத்தில் நிறுத்தல் வேண்டும். அவ்வேளையிற் கையோ தலையோ கூரையின் எல்லைக்கு வெளியே செல்லலாகாது. எதிர்நிறை அதே வேகத்தில் எதிர்த்திசையில் வருவதால், அருகே கடக்கும்போது அதன் சார்பு வேகம் இரட்டிப்பாகும்.

நான்காவதாக, பிரதான மின் ஆளியை நிறுத்தி, வேலைசெய்யும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டினாற் பூட்டி, திறப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல் வேண்டும். மின்னில்லை என்பதை மானியால் அளந்து அறிதல் வேண்டும். அம்மானியும் அளப்பதற்கு முன்னரும் பின்னரும், மின்னுள்ளதென அறியப்பட்ட ஓரிடத்திற் சோதிக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவதாக, மின் நின்றாலும் ஈர்ப்பு நிற்பதில்லை என்பதை நினைத்தல் வேண்டும். இங்கு பொதுவழக்கான எண்ணத்துக்கு மாறான ஓர் உண்மை உளது. எட்டுப் பேருக்கான உயர்த்தியின் கொள்ளளவு 630 கிலோகிராம். பெட்டி 900 கிலோகிராம் எனவும், எதிர்நிறை பெட்டியுடன் கொள்ளளவின் பாதியைச் சேர்த்தது எனவும் கொள்வோமாயின், எதிர்நிறை 1215 கிலோகிராம் ஆகும். வெறும் பெட்டியிலும் எதிர்நிறை 315 கிலோகிராம் மிகுதி. எனவே பிறேக் வழுவினால் வெறும் பெட்டி கீழே வீழ்வதில்லை, மேலே பாய்கின்றது. கூரையில் நிற்பவருக்கு அபாயம் தலைக்குமேலே உள்ளது. ஆதலின் பிறேக்கை மட்டும் நம்பாது, அதற்கென அமைந்த பொறிமுறைப் பூட்டினாலோ தக்க பற்றிகளினாலோ பெட்டி இரு திசையிலும் நகராதவாறு கட்டப்படல் வேண்டும். கீழ் ஷூக்களுக்காக அடிக்குழியில் இறங்கும்போதும் இவ்விதியே. அங்குள்ள நிறுத்தற் பொத்தானும் அழுத்தப்பட்டிருத்தல் வேண்டும்.

5

மாற்றும் வேலையின் தலையாய விதி, ஒரு வேளையில் ஒரு ஷூ மட்டும் என்பதாகும். ஏனைய மூன்றும் பெட்டியைப் பாதையில் வைத்திருக்க, ஒன்றைக் கழற்றலாம். இரண்டைக் கழற்றினாற் பெட்டி எங்கு நகரும் என்று சொல்லமுடியாது. பழைய நிலையின் அளவும் தொலைந்துபோகும்.

கழற்றுமுன் கூடு நின்ற இடத்தைச் சட்டகத்திற் கீறி அடையாளமிடுவர். தண்டவாளத்தின் பழைய எண்ணெயையும் தூசியையும் துடைப்பர். கழற்றிய உட்பூணின் மூன்று முகங்களையும் அளந்து குறித்துக்கொள்வர். தேய்மானம் எங்கு மிகுதி என்பது பெட்டியின் வரலாற்றைச் சொல்லும். தண்டவாளத் தலையின் தடிப்பையும் அளந்து (பெருவழக்கானது 16 மில்லிமீற்றர்) புதிய உட்பூண் அதற்குரியதா எனப் பார்ப்பர். பொருத்தியபின், தயாரிப்பாளர் குறித்த இடைவெளியை, தகட்டு மானியால் அளந்து, வேண்டிய இடத்து மெல்லிய தகடுகளை வைத்துச் சீர்செய்வர். இடைவெளி மிகின் பெட்டி ஆடும். குறையின் உராய்ந்து சூடாகி விரைவில் தேயும். உருளும் வகையாயின், பெட்டி சமநிலையில் நிற்கையில் ஒவ்வோர் உருளையையும் கையாற் சறுக்கித் திருப்பக்கூடியதாய் இருத்தல் நல்ல அடையாளமாகும். மிகை அழுத்தம், பெட்டி நெடுநேரம் நிற்கும்போது உருளையைத் தட்டையாக்கிவிடும்.

நான்கும் முடிந்தபின், பாதுகாப்பு ஆப்புகளின் இடைவெளி இரு புறமும் ஒத்துள்ளதா, வாயிற்படித் தூரம், கதவிணைப்பு என்பன ஒவ்வொரு மாடியிலும் சரியா எனப் பார்த்தல் வேண்டும். கருவிகளை எண்ணி எடுத்து, கட்டுகளை நீக்கி, தத்தம் பூட்டைத் தாமே கழற்றி, பரிசோதனை வேகத்தில் முழுத் தூரமும் ஓட்டிச் செவிமடுத்தல் வேண்டும். அதன் பின்னரே இயல்பான ஓட்டம். அதற்கும் பின்னரே பயணிகள்.

6

மேற்கூறிய படிகளில் எதுவும் அறிவுக்கு அரியதன்று. ஆயினும் அவை மீறப்படுவது ஏன்? தொழிலாளியின் கவனயீனம் என்பது வழமையான விடை. அவ்விடை யாருக்கு வசதியானது என்று நோக்குதல் தகும்.

மூலதனத்தின் முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் எந்திரத்தின் இயக்கு பொறி, கடத்து பொறி, செய்பொறி என்னும் மூன்று கூறுகளை ஆராய்ந்தார். அவர் மறைவின் பின் ஏங்கெல்ஸ் பதிப்பித்த இரண்டாம் பாகத்தில் (1885) நிலை மூலதனத்தின் தேய்மானமும் திருத்தமும் விரிவாகப் பேசப்படுகின்றன. எந்திரத்தைத் துப்புரவு செய்யும் உழைப்பைத் தொழிலாளர் தம் ஓய்வு வேளையிற் கூலியின்றியே செய்கின்றனர் என்பதும், எந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அது செய்யப்படுவது பல விபத்துகளுக்குத் தோற்றுவாயாகின்றது என்பதும் அங்கே சுட்டப்பட்டன. பிரித்தானியாவின் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இயங்கும் எந்திரத்தைச் சிறுவரும் பெண்களும் துப்புரவு செய்வதற்குத் தடைவிதிக்க நேர்ந்தமை இப்பின்னணியிலேயே விளங்கற்பாலது.

பராமரிப்புக்குச் செலவாகும் நேரம் கணக்கேட்டில் இழப்பாகவே தோன்றுகின்றது. மூன்று காவல்களையும் தனித்தனியே சோதிக்கப் பத்து நிமிடம் வேண்டும். ஒருவரை அனுப்பினாற் போதுமெனில் இருவரை அனுப்புவது மிகைச் செலவு. ஒரு நாளில் இத்தனை கட்டடங்கள் என்று ஒப்பந்தம் வகுக்கப்படும்போது, எப்படி தவிர்க்கப்படும் என்பதும் உடன் வகுக்கப்பட்டுவிடுகின்றது. மீறலைத் தொழிலாளியின் கை செய்கின்றது. ஆனால் அதனைச் செய்விக்கும் கடிகாரம் அவன் கையிலில்லை.

மொழி பற்றியும் ஒன்று கூறல்வேண்டும். அறிவுறுத்தல் ஏடுகள் “மின் துண்டிக்கப்படல் வேண்டும்” என்று எழுவாயின்றிப் பேசுகின்றன. யாரால், யார் கொடுத்த நேரத்தில் என்பன வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகின்றன. இக்கட்டுரையின் நான்காம் பகுதியும் அந்நடையிலிருந்து முற்றாகத் தப்பவில்லை என்பதை வாசகர் அவதானித்திருப்பர். அன்றியும், தொழிலாளர் தம்மிடையே விளக்கும் இவ்வறிவு தமிழில் எழுத்துருப் பெறுவது அரிது. அவர்களின் வாய்மொழியிலுள்ள ‘கைட் ஷூ’, ‘லைனர்’ முதலிய சொற்களை ஏளனஞ்செய்து தூய சொற்களைத் தேடுவதைவிட, அச்சொற்களுடனேயே அவ்வறிவை எழுதிவைப்பது உடனடித் தேவையாகும்.

அன்று நூலகத்தில், வேலை முடிந்து மின் ஆளியைத் திறக்குமுன்னர், அவ்விரு தொழிலாளரும் தத்தம் பூட்டைத் தாமே கழற்றினர். இளையவர் அடிக்குழியிலிருந்து ஏறி வரும்வரை மூத்தவர் தம் பூட்டிற் கைவைக்கவில்லை. வெளியே காத்திருந்தோர் அத்தாமதத்துக்காக முணுமுணுத்தனர். அம்முணுமுணுப்புக்கு இடங்கொடாத அந்தச் சில நிமிடங்களைத் தொழிலாளியின் உரிமையாகக் கொள்ளும் ஒரு வேலை ஒழுங்கு அமையும்வரை, பாதுகாப்பு என்பது மூத்தவர் போன்ற தனிமனிதரின் உறுதியிலேயே தங்கியிருக்கும். அவ்வுறுதி போற்றற்குரியது, ஆயின் அதனை மட்டும் நம்பி ஒரு சமூகம் மேலே ஏறிக்கொண்டிருத்தல் தகாது.